மொட்டை டயரும் ஐப்பசி மழையும்

ஐப்பசி பிறந்துவிட்டால் சிவகாசி வட்டாரத்தில் எல்லோரும் இரண்டு வரவுகளை எதிர்பார்ப்பர். ஒன்று தீபாவளி. மற்றொன்று மழை.

விருதுநகர் மாவட்டம் வறண்ட பூமி என்பதை நாம் அறிவோம். ஆண்டு முழுவதும் இங்கே பெய்யும் மழை சராசரியாக ஏறத்தாழ 800 மில்லிமீட்டர்தான். அதிலும் பாதியளவு அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் சாலைகள் பெரும்பாலும் காய்ந்தே கிடக்கின்றன.

மழை தொடங்கும் அதே நாட்களில்தான் சாலைகளில் போக்குவரத்தும் பெருகுகிறது. பட்டாசுப் பெட்டிகளை ஏற்றிய லாரிகள் சாத்தூர் வழியாகவும் விருதுநகர் வழியாகவும் நெடுஞ்சாலையை அடைகின்றன. தீபாவளிக்கு ஊர் திரும்புவோரின் கார்களும் வேன்களும் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை விருதுநகரையும் சாத்தூரையும் தொட்டுச் செல்கிறது. முன்பு 7ஆம் எண் நெடுஞ்சாலை என்று நாம் அழைத்துவந்த சாலைதான் இது. இன்று நான்கு வழிச் சாலையாக அகன்றுவிட்ட இதில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கார்கள் ஓடுவது சாதாரணக் காட்சி.

இப்போது ஒரு காரை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் டயர்கள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. 'மொட்டை டயர்' என்று சொல்வோமே, அந்த நிலை. தை மாதத்திலிருந்து புரட்டாசி வரை அந்தக் கார் எவ்விதத் தொல்லையுமின்றி ஓடியது. பிரேக் பிடித்தால் நின்றது, திருப்பினால் திரும்பியது. ஐப்பசியின் முதல் பெருமழையில், அதே சாலையில், அதே வேகத்தில், அதே ஓட்டுநர் கையில் அது கட்டுப்பாடிழந்து சறுக்குகிறது.

ஒரே நாளில் டயர் கெட்டுவிட்டதா? இல்லை. அது வெகுநாட்களாகவே கெட்டிருந்தது. காய்ந்த சாலை அந்தக் குறையை மறைத்து வைத்திருந்தது. அது எப்படி என்று பார்ப்போம்.

உள்ளங்கை அளவு பிடி

நிற்கும் காரின் டயரைக் குனிந்து பாருங்கள். டயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் தரையைத் தொடும் இடம் சிறியது. பெரியவர் ஒருவரின் உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் இத்தகைய நான்கு 'உள்ளங்கை'களின் மீதுதான் நிற்கிறது. வண்டி முன்னே செல்வதும், திரும்புவதும், நிற்பதும் இந்த நான்கு இடங்களில் உண்டாகும் உராய்வினால்தான். பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது. வண்டியை நிறுத்துவது சாலைக்கும் டயருக்கும் இடையிலுள்ள உராய்வு.

டயரின் வெளிப்புறத்தில் தரையைத் தொடும் கனமான ரப்பர் பட்டையை 'டிரெட்' என்பர். அதில் வரிவரியாகப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். புதிய கார் டயரில் இந்தப் பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். ஓட ஓட ரப்பர் தேயும். பள்ளத்தின் ஆழம் குறையும்.

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். உராய்வு விசை, தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததன்று என்று இயற்பியல் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அப்படியானால் பள்ளம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

நல்ல கேள்வி. காய்ந்த சாலையைப் பொறுத்தவரை பள்ளம் இல்லாவிட்டாலும் பிடி குறைவதில்லை. ரப்பர் வளைந்து கொடுக்கும் பொருளாதலால் பாடப்புத்தக விதிக்கு அது முழுமையாகக் கட்டுப்படுவதும் இல்லை. அதிகப் பரப்பு தரையில் படிந்தால் பிடி சற்றுக் கூடவும் செய்யும். காய்ந்த தளத்தில் ஓடும் பந்தயக் கார்களுக்குப் பள்ளமே இல்லாத வழவழப்பான டயர்களை மாட்டுவது இதனால்தான். அதே பந்தயத்தில் மழை வந்துவிட்டால் உடனே அந்த டயர்களைக் கழற்றிவிட்டுப் பள்ளமுள்ள டயர்களை மாட்டுவார்கள்.

ஆக, டயரிலுள்ள பள்ளங்கள் முக்கியமாகத் தண்ணீருக்காக வெட்டப்பட்டவை. கண்மாய்க்கு மறுகால் எப்படியோ அப்படித்தான் டயருக்குப் பள்ளங்கள். மறுகால் தூர்ந்துபோன கண்மாயைக் கோடையில் பார்த்தால் குறை எதுவும் தெரியாது. வெள்ளம் வரும் நாளில்தான் கரை உடையும்.

நொடிக்கு எத்தனை லிட்டர்?

மழைநீர் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தேங்கியுள்ள சாலையில் கார் செல்வதாகக் கொள்வோம். தரையைத் தொடும் டயரின் அகலம் 15 சென்டிமீட்டர். வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 27.8 மீட்டர். ஒரு டயர் ஒரு நொடியில் எவ்வளவு தண்ணீரைச் சந்திக்கிறது? நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்குங்கள்.

27.8 × 0.15 × 0.002 = 0.0083 கன மீட்டர். அதாவது 8 லிட்டருக்கும் மேல்!

ஒரு சிறிய வாளித் தண்ணீரை ஒவ்வொரு நொடியும் ஒவ்வொரு முன் டயரும் விலக்கியாக வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? தரையில் படியும் பகுதியின் நீளமும் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர்தான். அந்த நீளத்தைக் கடக்க 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு நேரமே ஆகும். இமைக்கும் நேரத்தை விடவும் மிகக் குறைவு.

தண்ணீர் வெளியேற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பக்கவாட்டில் பிதுங்கி ஓடலாம். இதற்கு நேரம் வேண்டும். மற்றொன்று, டயரின் பள்ளங்களில் புகுந்து பின்புறமாக வெளியேறலாம். டிரெட் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு பள்ளம் என்று வைத்துக்கொண்டால், 8 மில்லிமீட்டர் ஆழமுள்ள புதிய டயர் ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டர் கனமுள்ள நீர்ப்படலத்தை அப்படியே விழுங்கிவிடும். 1.6 மில்லிமீட்டராகத் தேய்ந்த டயர் அரை மில்லிமீட்டர்ப் படலத்தைத்தான் விழுங்கும். மீதித் தண்ணீர் எங்கே போகும்? டயருக்கு அடியிலேயே அகப்பட்டுக்கொள்ளும்.

வேகம் 50 கிலோமீட்டராக இருந்தால் சந்திக்கும் தண்ணீர் பாதி; வெளியேறக் கிடைக்கும் நேரம் இரு மடங்கு. ஆகவே தேய்ந்த டயரும் ஒருவாறு சமாளித்துவிடும். வேகமும் தேய்மானமும் ஒன்றுசேரும்போதுதான் ஆபத்து முற்றுகிறது.

விமான ஓடுதளத்தில் கிடைத்த விடை

டயருக்கு அடியில் அகப்பட்ட தண்ணீர் என்ன செய்கிறது என்பதை முதலில் விரிவாக ஆராய்ந்தவர்கள் விமானத் துறையினர். மழையில் நனைந்த ஓடுதளத்தில் இறங்கும் விமானத்தின் சக்கரங்கள் சில வேளைகளில் சுழலாமலேயே வழுக்கிச் செல்வதைக் கண்டனர். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹார்ன் என்ற பொறியாளரும் அவருடைய குழுவினரும் இதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டனர்.

வேகமாக உருளும் சக்கரத்தின் முன்னால் தண்ணீர் ஆப்புப் போல் குவிகிறது. அந்த ஆப்பின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. ஒரு கட்டத்தில் இந்த அழுத்தம் டயரையே தரையிலிருந்து தூக்கிவிடுகிறது. டயர் சாலையைத் தொடாமல் தண்ணீர்மேல் மிதக்கிறது. இதற்கு 'ஹைட்ரோபிளேனிங்' என்று பெயர். நீர்மேல் மிதந்து வழுக்குதல் என்று சொல்லலாம்.

எந்த வேகத்தில் மிதப்பு தொடங்கும்? ஹார்ன் கண்ட விதி எளியது. டயரின் காற்றழுத்தத்தைப் 'பவுண்டு' கணக்கில் எடுத்துக்கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 16.7ஆல் பெருக்கினால் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். 36 பவுண்டு காற்றுள்ள டயருக்கு வர்க்கமூலம் 6. மிதக்கும் வேகம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். காற்று 25 பவுண்டாகக் குறைந்திருந்தால் வர்க்கமூலம் 5. 83 கிலோமீட்டர் வேகத்திலேயே மிதப்பு தொடங்கிவிடும்.

இந்த விதியில் ஒரு நிபந்தனை உண்டு. அதுதான் நமக்கு முக்கியம். தேங்கிய நீரின் ஆழம் டயரின் பள்ளத்தை மிஞ்சும்போது அல்லது டயர் வழவழப்பாக இருக்கும்போதுதான் இது பொருந்தும். ஆழமான பள்ளங்களுள்ள டயர் பெரும்பாலான மழையில் தண்ணீரை வெளியேற்றித் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். மொட்டை டயருக்கோ மெல்லிய நீர்ப்படலமே போதும்.

மிதக்கும் நிலையில் ஓட்டுநர் திடீரென்று பிரேக்கை அழுத்துவதும் ஸ்டியரிங்கை ஒடிப்பதும் பயன் தரா; தரையைத் தொடாத சக்கரம் எதைப் பிடித்து நிற்கும்? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுவதே வழி.

இன்னொரு செய்தியும் உண்டு. நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையின் தொடக்க நிமிடங்களே மிகவும் வழுக்கலானவை. பல மாதமாகச் சாலையில் படிந்த எண்ணெய், தூசி, ரப்பர்த் துகள் எல்லாம் தண்ணீரோடு கலந்து பசைபோல் பரவுவதே காரணம். ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் நம் மாவட்டச் சாலைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

நின்ற காரும் நிற்காத காரும்

மிதக்கும் நிலைக்குப் போகாவிட்டாலும் தேய்ந்த டயரின் பிடி ஈரச் சாலையில் குறைந்துவிடும். இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம், வேகத்தின் வர்க்கத்தை 2 × உராய்வுக் கெழு × 9.8 என்ற பெருக்கல் தொகையால் வகுத்தால் கிடைக்கும்.

இரண்டு கார்கள் ஈரச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் பக்கம் பக்கமாகச் செல்கின்றன. ஒன்றின் டயர்கள் நல்லவை. கணக்குக்காக அதன் உராய்வுக் கெழு 0.5 என்போம். மற்றதன் டயர்கள் தேய்ந்தவை, அதற்கு 0.3 என்போம். எதிரே மாடு ஒன்று குறுக்கிட, இருவரும் ஒரே கணத்தில் பிரேக்கை அழுத்துகின்றனர்.

நல்ல டயர் கார் 79 மீட்டரில் நின்றுவிடும். தேய்ந்த டயர் கார் நிற்க 131 மீட்டர் வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு 52 மீட்டர்.

இதைவிடத் திடுக்கிட வைக்கும் கணக்கு ஒன்று உண்டு. முதல் கார் முழுமையாக நின்ற அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் எவ்வளவு இருக்கும்? பத்தோ இருபதோ என்று நினைப்பீர்கள். கணக்கிட்டால் மணிக்கு 63 கிலோமீட்டர் வருகிறது! இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே ஆற்றலில் 60 விழுக்காட்டை இழந்த பிறகும் வேகத்தில் 37 விழுக்காடுதான் குறைந்திருக்கும். ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் இடத்தில் மற்றவர் 63 கிலோமீட்டர் வேகத்தில் மோதுகிறார். வித்தியாசம் சில மில்லிமீட்டர் ரப்பர்.

கோடையில் வேறு வகை ஆபத்து

அப்படியானால் கோடையில் மொட்டை டயர் பாதுகாப்பானதா? அதுவும் இல்லை. அப்போது டயர் வெடிக்கும் ஆபத்து காத்திருக்கிறது.

டயரின் உண்மையான வலிமை டிரெட்டுக்கு அடியிலுள்ள நூலடுக்குகளிலும் எஃகுக் கம்பி அடுக்குகளிலும் இருக்கிறது. டிரெட் அவற்றுக்கு மேற்சட்டை போன்றது. சட்டை மெலிந்தால் கல்லும் ஆணியும் எளிதில் உட்புகும். வெட்டுக்காயம் வழியே ஈரம் சென்றால் கம்பி துருப்பிடிக்கும். அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்கும்.

இந்த நிலையில் வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள டயர் 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 15 முறை சுழல்கிறது. ஒரு மணி நேரத்தில் 53,000 முறை! ஒவ்வொரு சுற்றிலும் டயரின் ஒவ்வொரு பகுதியும் ஒருமுறை நசுங்கி நிமிர்கிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சூடாவது போல் ரப்பரும் சூடாகிறது. மேலும், டயரின் விளிம்பிலுள்ள 10 கிராம் ரப்பரைச் சிதறாமல் பிடித்து வைக்க இந்த வேகத்தில் 26 நியூட்டன் விசை தேவை. ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடைக்கு இது சமம். அடுக்குகள் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் டிரெட் பிய்த்துக்கொண்டு பறக்கும். நெடுஞ்சாலை ஓரங்களில் கிடக்கும் கறுப்பு ரப்பர்ப் பட்டைகளைக் கண்டிருப்பீர்கள் அல்லவா?

வெயில் காலத்தில் டயர் வெடிக்காமலிருக்கக் காற்றைக் குறைத்து வைக்கவேண்டும் என்று சிலர் சொல்வர். இது தவறு. 30 டிகிரி சூட்டில் 32 பவுண்டு நிரப்பிய டயர் 60 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் 36 அல்லது 37 பவுண்டாக உயரும். இதனை எதிர்பார்த்தே டயரை வடிவமைத்திருக்கிறார்கள். காற்றைக் குறைத்தாலோ டயர் அதிகமாக நசுங்கும், அதிகமாகச் சூடாகும். வெடிப்பைத் தடுக்கப்போய் வெடிப்பை வரவழைத்த கதையாகிவிடும்.

பட்டாசு லாரியின் இரட்டைச் சக்கரம்

லாரியின் பின்புறத்தில் ஒவ்வொரு பக்கமும் இரண்டிரண்டு டயர்கள் ஒட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டும் ஒரே அளவுக்குத் தேய்ந்திருப்பது அவசியம். ஏன்?

ஒரு டயரின் பள்ளம் மற்றதைவிட 5 மில்லிமீட்டர் குறைந்திருப்பதாகக் கொள்வோம். ஆரத்தில் 5 மில்லிமீட்டர் வேறுபாடென்றால் சுற்றளவில் 31 மில்லிமீட்டர் வேறுபாடு. இரண்டும் ஒரே அச்சில் பூட்டப்பட்டவை, சேர்ந்துதான் சுழலமுடியும். ஆகவே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 மீட்டர் தூரம் ஒரு டயர் தரையில் இழுபட்டே செல்லும். 500 கிலோமீட்டர் போனால் 5 கிலோமீட்டர் இழுபாடு! பெரிய டயர்மேல் பாரமும் கூடும். காற்றும் குறைவாயிருந்தால் இரண்டு டயர்களின் பக்கங்களும் ஒன்றோடொன்று உரசிச் சூடேறும். அளவு மீறிச் சூடேறிய டயர் தீப்பிடிப்பதும் உண்டு.

எந்த லாரிக்கும் இது ஆபத்துதான். மேலே அடுக்கியிருப்பது பட்டாசு என்றால் என்ன ஆகும் என்பதைச் சிவகாசி வட்டாரத்தில் வாழ்பவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. தொழிற்சாலைக்குள் ஒரு பொறிகூட வரக்கூடாது என்று காக்கிறோம். அந்தக் கவனம் பொருள் சாலையில் செல்லும்போதும் வேண்டும்.

மழையில் லாரியின் நிலை என்ன? பாரம் ஏற்றிய லாரியின் டயரில் காற்றழுத்தம் மிகுதி என்பதால் அது எளிதில் மிதக்காது. சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லாரியின் டயர் தரையில் படியும் நீளம் குறைந்துவிடும். வேகமாகச் சென்றால் அது மிதக்க வாய்ப்புண்டு. 'வெறும் வண்டிதானே' என்று விரட்டுவது தவறு.

தேய்மானம் சொல்லும் கதை

டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதைக் கொண்டே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். இரு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி மேடாக இருந்தால் காற்றுக் குறைவாக வைத்து ஓட்டப்பட்டிருக்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே பக்கம் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் 'அலைன்மென்ட்' சரியில்லை. திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தால் 'பேலன்சிங்' அல்லது ஷாக் அப்சார்பர் பார்க்கவேண்டும்.

சட்டம் ஒரு எல்லை வகுத்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன்படி கார், லாரி, பஸ் டயர்களின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. இருசக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டர். கார் டயரின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். டிரெட் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். ஆனால் இது கடைசி எல்லை. மழையில் வேகமாக ஓட்டுவோர் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது என்பது பல நாட்டு வல்லுநர்களின் அறிவுரை.

நீங்களே செய்து பாருங்கள்: தீக்குச்சிச் சோதனை

தேவையானவை: மரத் தீக்குச்சிகள் பத்து, மில்லிமீட்டர் அளவுள்ள ஸ்கேல், பேனா. குச்சிகளின் மருந்து முனையை ஒடித்து, தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

பத்துக் குச்சிகளையும் இடைவெளியின்றிப் பக்கம் பக்கமாக அடுக்கி மொத்த அகலத்தை அளந்து பத்தால் வகுங்கள். ஒரு குச்சியின் கனம் கிடைக்கும். பெரும்பாலும் 2 மில்லிமீட்டருக்கு அருகில் வரும்.

எஞ்சின் அணைக்கப்பட்டு, சாலையை விட்டு விலகி நிற்கும் வண்டியிடம் பெரியவர் ஒருவருடன் செல்லுங்கள். டயரின் நடுப் பள்ளத்தில் ஒரு குச்சியைப் படுக்க வையுங்கள். குச்சி பள்ளத்துக்குள் முழுவதும் மறைந்தால் ஆழம் குச்சியின் கனத்தைவிட அதிகம். குச்சி மேலே துருத்திக்கொண்டு நின்றால் டயரை மாற்றும் காலம் வந்துவிட்டது.

சரியான அளவு வேண்டுமானால் குச்சியைச் செங்குத்தாகப் பள்ளத்தில் நிறுத்தி, டிரெட்டின் மேல்மட்டத்தில் பேனாவால் கோடிட்டு, ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடங்களில் அளந்து நோட்டில் குறித்துவையுங்கள். மூன்று அளவுகளும் வேறுபட்டால் மேலே சொன்ன காரணங்களில் எது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

அப்பாவின் மோட்டார் சைக்கிள், மாமாவின் வேன், பக்கத்து வீட்டு லாரி என்று எல்லாவற்றையும் புரட்டாசி முடிவதற்குள் அளந்துவிடுங்கள். இருசக்கர வண்டிக்குக் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி அளப்பதே பொருத்தம். "நல்லாத்தானே ஓடுது" என்று அவர்கள் சொன்னால், காய்ந்த சாலையில் எந்த டயரும் நன்றாகத்தான் ஓடும் என்று சொல்லுங்கள். பிறகு அந்த 63 கிலோமீட்டர் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.